மதகைத் திறக்காதவனும் கதவை மூடியவனும்

அரியநாதனின் முகம் யாருக்கும் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும்.

சென்னையில், சாலிகிராமத்தில் டப்பிங் பேசியே தலை நரைத்த மனிதர் அவர். வேற்று மொழிப் படங்கள் தமிழுக்கு வரும்போது நாயகர்களுக்குப் பேசுவார். அதிலும் விண்வெளிக்குப் போகிறவர்கள், வேறு கோள்களில் குடியேறுகிறவர்கள், தாங்கள் செய்த இயந்திரத்தாலேயே அழிகிறவர்கள் என்றால் அரியநாதனைக் கூப்பிடு என்பார்கள். இருட்டான அறையில், மைக்குக்கு முன்னால், எத்தனையோ கோள்களில் அவர் செத்திருக்கிறார். ஆட்டோவில் ஏறி இடம் சொன்னால் ஓட்டுபவர் திரும்பிப் பார்ப்பார். குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஆளைப் பார்த்ததும் குழம்பிப்போய் மறுபடி முன்னால் பார்த்து ஓட்டுவார்.

ஐம்பத்தேழு வயதில் அரியநாதனுக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு தடவையாவது மேடையில் ஏறி, நாலு பேர் பார்க்க, தன் உடம்போடு விழ வேண்டும். குரல் மட்டும் விழுந்தது போதும் என்று தோன்றிவிட்டது.

விசாரித்தபோது செங்கமலம் என்ற பெயரைச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில், முந்திரி மரங்களுக்கு நடுவே ஒரு கொட்டகை போட்டிருந்தார். அரியநாதனைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் அங்கே பழகியவர்கள் எல்லோரும் அவரை வாத்தியாரம்மா என்றார்கள். அரியநாதனும் அப்படியே கூப்பிட்டார். வாத்தியாரம்மா அவரை சார் என்றார். அது கடைசிவரை மாறவில்லை.

முதல் நாள் வாத்தியாரம்மா கேட்டார்: "என்ன கத்துக்கணும் சார்?"

"நிக்கக் கத்துக்கணும்."

வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. ஒரு பாயை எடுத்து வந்து கையில் கொடுத்து, கொட்டகையில் எங்கே படுக்கலாம் என்று காட்டினார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அரியநாதன் பஸ் ஏறி வந்து திங்கட்கிழமை திரும்பிப் போவார். அவருடைய மனைவி மங்கை பையில் மாற்றுத் துணியும் புளிசாதமும் வைத்து அனுப்புவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. நாலு நாள் தனியாக இருப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. இந்த வயசில ஒண்ணு பிடிச்சிருக்கு, போயிட்டு வாங்க என்றுதான் சொன்னாள்.

ஆரம்பத்தில் வாத்தியாரம்மா அவரைப் பேசவே விடவில்லை. நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஒரு பானையைத் தூக்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வைக்கச் சொன்னார். குரலை வைத்துப் பிழைத்த மனிதருக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது. ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டார். உங்க குரல் உங்களுக்கு முன்னாடி வந்து நின்னுக்குது சார், ஆள் பின்னாடியே நின்னுடறார் என்று வாத்தியாரம்மா பதில் சொன்னார். அரியநாதன் மறுபடி பானையைத் தூக்கப் போனார்.

மழைக்காலம் முடிந்தபோது வாத்தியாரம்மா ஒரு பழைய நாடகத்தை எடுத்தார். அதில் அரியநாதனுக்கு அரசன் வேடம் கிடைத்தது.

கதை பெரிய கதை இல்லை. நெடுவேலன் என்று ஓர் அரசன். ஊரையே கூட்டி ஒரு பெரிய ஏரி வெட்டுகிறான். போருக்குப் போன மகன் திரும்பி வரும்போது ஏரி தளும்பத் தளும்ப நிற்பதை அவன் பார்க்க வேண்டும், அதுவரை மதகைத் திறப்பதில்லை என்று சபதம் செய்கிறான். மழை கொட்டுகிறது. மதகுக் காவலன் ஓடி வருகிறான். கரையில் கசிவு கண்டுவிட்டது, இப்போதே திறந்துவிட்டால் பிழைக்கலாம் என்று காலில் விழுந்து சொல்கிறான். அரசன் கேட்கவில்லை. மதகு திறவாது என்று சொல்லிவிடுகிறான். விடியும் முன் கரை உடைகிறது. மகனுடைய படை ஊர் திரும்பும் வழியில், ஏரிக்குக் கீழேதான் பாளையம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அரசனுக்கு அது பிறகுதான் தெரிகிறது.

மதகுக் காவலனாக யூசுப் நடித்தான். பக்கத்து ஊரான காலாப்பட்டில் மின்விசிறியும் மிக்ஸியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன். நாடகம் என்றால் கடையை மூடிவிட்டு வந்துவிடுவான். காலில் விழும் இடத்தில் அவன் நிஜமாகவே முழங்காலைத் தேய்த்துக்கொள்வான்.

ஒத்திகை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அரியநாதனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது; மார்கழிக் குளிர் என்று நினைத்து முதலில் கவனிக்கவில்லை. ஆனால் அது விடவே இல்லை. வெந்நீர், மிளகு, அதிமதுரம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு திங்கட்கிழமை சென்னை பஸ்ஸைப் பிடிக்காமல் புதுச்சேரியிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டுத் தொண்டைக்குள் பார்த்தார்கள். திரையில் அவருடைய குரல் நாண்கள் தெரிந்தன. இத்தனை வருஷம் சோறு போட்டது இந்த இரண்டு வெள்ளைக் கோடுகள்தானா என்று அவர் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோட்டின் மேல் சிறிதாக ஒரு தடிப்பு இருந்தது. படத்தைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டுக் காட்டியது. டாக்டர் சின்னப் பெண். அவள் மறைக்காமல் சொன்னாள். கம்ப்யூட்டர் இதைக் கெட்ட கட்டி என்கிறது, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, சதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றாள். குரல் என்ன ஆகும் என்று கேட்டார். பழைய குரல் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றாள்.

அரியநாதன் வெளியே வந்து கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். மங்கை ஏன் லேட் என்று கேட்டாள். பஸ் கிடைக்கவில்லை என்றார்.

மாசியில் நாடகம். அது முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு தேதி வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எடுக்கவில்லை. மங்கை வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போலப் புளிசாதம் கட்டினாள். இவரும் வழக்கம்போலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆனால் ஒரு கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. அதை நேராகக் கேட்க அவரால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒத்திகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, டீ குடித்துக்கொண்டிருந்த வாத்தியாரம்மாவிடம் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். தான் குரல் கொடுத்த ஒரு படத்தின் கதையைச் சொன்னார். வாத்தியாரம்மா அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அந்தப் படத்தில் ஒரு கேப்டன். காற்றில்லாத ஒரு கோளில், மண்ணுக்கு அடியில், ஓர் ஊரையே அமைத்து நடத்துகிறவன். நல்லவன். எதையும் யோசிக்காமல் செய்யாதவன். தன் ஆத்திரத்தையும் ஆசையையும் நம்பக் கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்லும் ஓர் இயந்திரத்தை வைத்திருக்கிறான். ஊருக்குள் ஒரு நோய் வருகிறது. நோய் கிழக்குப் பகுதியில் இருக்கிறது, அதன் கதவை மூடிக் காற்றை நிறுத்தினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்று இயந்திரம் சொல்கிறது. அந்தப் பகுதியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவனுடைய மகளும் அங்கேதான் இருக்கிறாள். மகள் இருக்கிறாள் என்பதற்காக ஊரைச் சாகவிடலாமா என்று அவன் தன்னையே இறுக்கிக்கொண்டு, கதவை மூடச் சொல்கிறான். நோய் அங்கே இல்லை. தண்ணீர்க் குழாயில் இருந்தது. இயந்திரம் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தது.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு அரியநாதன் தன் கேள்விக்கு வந்தார்.

"நெடுவேலன்கிட்ட ஒரு மனுஷன் வந்து சொன்னான். அவன் கேக்கலை. விழுந்தான். கேப்டன்கிட்ட இயந்திரம் சொன்னது. இவன் அப்படியே கேட்டான். இவனும் விழுந்தான். கேக்காதவனும் விழறான், கேட்டவனும் விழறான். அப்போ ஒருத்தன் என்னதான் செய்யணும்?"

வாத்தியாரம்மா, இந்த இரண்டு பேரில் யாருக்குப் பேசுவது சிரமமாக இருந்தது என்று கேட்டார்.

கேப்டனுக்குத்தான் என்றார் அரியநாதன். அரசனுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி வசனம் இருக்கிறது. வானத்தைக் கூப்பிடலாம், பூமியைக் கூப்பிடலாம், மார்பில் அடித்துக்கொள்ளலாம். கேப்டனுக்கு ஒரே ஒரு சொல். 'மூடு.' அந்த ஒரு சொல்லைப் பேச அவருக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. சத்தமாகச் சொன்னால் கொடுமைக்காரன் மாதிரி இருந்தது. மெதுவாகச் சொன்னால் கோழை மாதிரி இருந்தது. கடைசியில் களைத்துப்போய்ச் சொன்னது சரியாக அமைந்தது.

வாத்தியாரம்மா தலையை ஆட்டினார். டம்ளர்களைக் கழுவி வைத்தார். காலையில் யூசுப்பைச் சீக்கிரம் வரச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. யூசுப் வந்துவிட்டான். அரசனுக்கு என்று ஒரு முக்காலி உண்டு; மேடையில் வேறு ஆசனம் எதுவும் கிடையாது. அரியநாதன் போய் அதில் உட்கார்ந்தார். வாத்தியாரம்மா உள்ளே போய் இன்னொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை அரசனுடைய முக்காலிக்குப் பக்கத்தில், தோள் இடிக்காத தூரத்தில் போட்டார். போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தார்.

"மதகுக் காவலன் வர்ற இடத்திலேருந்து பார்க்கலாம்," என்றார்.

நீங்கள் யார், ராணியா என்று யூசுப் கேட்டான். யாருமில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார் வாத்தியாரம்மா.

யூசுப் ஓடி வந்தான். விழுந்தான். கரை கசிகிறது, அரசே, மதகைத் திறக்க ஆணையிடுங்கள் என்று அழுதான். அரியநாதன் எழுந்து நின்றார். மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்தினார். மதகு திறவாது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவது காதில் விழுந்தது.

வசனம் வந்தது. ஆனால் அது அரசனுடைய வசனமாக இல்லை. யாரிடமோ சம்மதம் கேட்பது போல இருந்தது. அவருக்கே அது தெரிந்தது. மறுபடி செய்கிறேன் என்றார். யூசுப் எழுந்து போய்த் திரும்ப ஓடி வந்து விழுந்தான். இந்தத் தடவை அரியநாதன் குரலை உயர்த்தினார். பாதியில் குரல் பிசிறடித்தது. அடுத்த தடவை அவர் வசனத்தைச் சொல்லவே இல்லை. தன்னை அறியாமல் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டார். வாத்தியாரம்மா அவரைப் பார்க்கவில்லை. யூசுப் விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை, முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. வெறுமனே அங்கே இருந்தார்.

"கேப்டனையும் செஞ்சு பாருங்க," என்றார் சற்றுப் பொறுத்து.

அரியநாதன் முக்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சொல் அவருக்கு மனப்பாடம்; எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் அதே இடத்தில் அதே களைப்போடு அவரால் சொல்ல முடியும். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. உதடு கூடிற்று. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது அவருக்குக் கோபம் வந்திருந்தது. அங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக வாத்தியாரம்மாவிடம் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு பேசினார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் யார்தான் நடிக்க முடியும், நாடகத்தில் அந்த இடத்தில் யாருமே கிடையாதே என்றார்.

"ஏன் சார் கிடையாது? அரசனுக்கு ராணி இருக்கா. மந்திரி இருக்கான்."

"அவங்கதான் முன்னாடியே வெளியே போயிட்டாங்களே."

"ஏன் போனாங்க?"

அரியநாதன் நாடகத்தை மனதுக்குள் பின்னோக்கிப் புரட்டினார்.

மதகுக் காவலன் உள்ளே வருவதற்குச் சற்று முன்னால் அரசனுக்கு ஒரு சின்ன வசனம் உண்டு. 'அனைவரும் அகல்க.' இத்தனை நாள் ஒத்திகையிலும் அவர் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. பெரிய காட்சிக்கு முன்னால் மேடையைக் காலி செய்யும் வசனம், பழைய நாடகத்தில் எல்லா அரசர்களும் சொல்வதுதானே என்று கையை வீசிச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 'மூடு' என்ற சொல்லைப் பேசிய அன்று, சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியிருந்தார். சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விடுங்கள் சார், அங்கே ஒரு சத்தம் இருக்கிறது என்று. என்ன சத்தம் என்று இவர் திரையைப் பார்த்தார். கேப்டன் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அவனோடு கூட வேலை செய்கிறவர்கள் மறுமுனையில், பொறு, இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் அந்தப் பேச்சு நின்றுபோகிறது. டிக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் 'மூடு.' அரியநாதன் அந்தச் சத்தத்துக்கு இடம் விட்டுப் பேசினார். இடம் விட்டதற்காக இன்ஜினியர் நன்றியும் சொன்னார்.

யூசுப் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தான். டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அரியநாதனின் கோபம் போய்விட்டிருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்தில ஒருத்தர் உக்காந்திருந்தா ரெண்டு பேரும் விழுந்திருக்க மாட்டாங்களா, வாத்தியாரம்மா?"

"தெரியாது சார். யார் உக்காந்திருந்தாலும் ஏரி நிறைஞ்சுதான் இருந்திருக்கும்."

கொட்டகைக்குள் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வாத்தியாரம்மா முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கத்திப் பேசற இடம் வந்தா, அதுக்கு முன்னாடி எச்சில் விழுங்கறீங்க. பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து பார்க்கிறேன். தொண்டையில என்ன?"

அரியநாதன் பொய் சொல்ல நினைத்தார். குளிர் என்று சொல்லலாம், தூசி என்று சொல்லலாம். அதெல்லாம் சொல்லாமல், ஆஸ்பத்திரியில் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது இது யாருடைய கதையோ போல இருந்தது. வாத்தியாரம்மா, அவர் முடித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வீட்ல தெரியுமா?"

அரியநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மதியம் அவர் தோப்பைத் தாண்டி, மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு மங்கைக்குப் போன் செய்தார். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மறுமுனையில் மங்கை எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டது நினைவிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் வந்து இறங்கினாள். அழவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடிக்கவும் இல்லை. டாக்டரிடம் இவர் கேட்கத் தோன்றாததை எல்லாம் அவள்தான் கேட்டாள். எப்போது, எத்தனை நாள் படுக்க வேண்டும், எதைச் சாப்பிடலாம், இன்னொரு டாக்டரையும் பார்த்துவிட்டு வரலாமா. தாராளமாகப் பாருங்கள் என்றாள் டாக்டர். சென்னையில் இன்னொருவரையும் பார்த்தார்கள். சதையைப் பரிசோதித்து அவரும் அதையேதான் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மங்கை திடீரென்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புளிசாதம் கட்டிக் குடுத்தேனே. அப்பல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார்.

மங்கை தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவள் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். மறுபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்தப் பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி கெட்டதுதான், ஆனால் வேறெங்கும் பரவியிருக்கவில்லை. ஒரு பக்கத்து நாணை எடுத்துவிட்டார்கள். சில வாரங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பிறகு மெல்ல ஒரு குரல் வந்தது. காய்ந்த சருகை விரலால் தேய்ப்பது போன்ற ஒரு குரல். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். மைக்குக்கு ஆகாது. ஸ்டுடியோவிலிருந்து நண்பர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு படத்தில் அரியநாதன் பேசி வந்த நாயகனுக்கு அடுத்த பாகம் வந்தபோது வேறொருவர் பேசினார். மங்கையும் அவரும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். நன்றாகத்தான் பேசியிருக்கிறான் என்று அவர் மங்கையின் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு இடைவேளையில் வெளியே போய் நின்றார்.

மாசியில் போட வேண்டிய நாடகத்தை வாத்தியாரம்மா ஆடிக்குத் தள்ளி வைத்திருந்தார். அரசன் வேடம் யூசுப்புக்குப் போயிருந்தது. அரியநாதன் மறுபடி தோப்புக்கு வந்தபோது, தான் இனி எதற்கு என்று தயங்கித்தான் வந்தார். வாத்தியாரம்மா அவரை மந்திரி வேடத்துக்குப் பெயர் எழுதி வைத்திருந்தார். மந்திரிக்கு வசனமே கிடையாது. ஆரம்பத்திலிருந்து அரசனுக்குப் பின்னால் நிற்பான். 'அனைவரும் அகல்க' என்றதும் போய்விடுவான். முன்பெல்லாம் அந்த வேடத்துக்கு ஆள்கூட வைத்ததில்லை. யார் சும்மா இருக்கிறார்களோ அவரை நிற்க வைத்தார்கள். இப்போது வாத்தியாரம்மா அதை மாற்றியிருந்தார். எல்லோரும் போன பிறகு மந்திரி கடைசியாகப் போக வேண்டும். மேடையின் முழு நீளத்தையும் தனியாக நடந்து கடக்க வேண்டும். அவன் வெளியே போகும்வரை அரசன் வாயைத் திறக்கக் கூடாது.

ஆடியில் இரண்டு நாள் நாடகம் என்று ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் கூட்டம் பரவாயில்லை. பாய்கள் நிறைந்து, பின்னால் சிலர் நின்றும் பார்த்தார்கள். யூசுப் அரசனாக நன்றாகவே செய்தான். கரை உடைந்த செய்தி கேட்டு அவன் விழுந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நாடகம் முடிந்ததும் பலர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் அரியநாதனிடமும் வந்து பேசினார்கள். அவர் ஆசைப்பட்டபடி, முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

ஆனால் அரியநாதனுக்குத் தெரிந்திருந்தது. அந்த நடை சரியாக வரவில்லை. கால்கள் நடந்தன. மந்திரி நடக்கவில்லை.

மறுநாள் காலையில் வாத்தியாரம்மா கொட்டகையில் உட்கார்ந்து, கிழிந்த திரைச்சீலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அரியநாதன் போய் எதிரில் உட்கார்ந்தார். அந்தச் சருகுக் குரலில் பேசினார். தோப்பில் ஓர் அணில் கத்தினால்கூட அந்தக் குரல் அமுங்கிப்போகும். அதனால் வாத்தியாரம்மா ஊசியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டார்.

"விழறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். முப்பது வருஷமா விழுந்திருக்கேன். ராஜாவும் தெரியும், கேப்டனும் தெரியும்."

வாத்தியாரம்மா ஊசியைத் திரைச்சீலையில் குத்தி வைத்தார்.

"போன்னு சொன்ன பிறகு வெளியே போறவன் எப்படி இருப்பான்னு தெரியலை. அந்த நடையில நான் மனசில என்ன வச்சுக்கணும்?"

வாத்தியாரம்மா நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். திரைச்சீலையை மடியில் நீவி விட்டுக்கொண்டார்.

"என்னைக் கேட்டா எப்படி சார்? மங்கை அம்மாவைக் கேளுங்க."

நாடகம் பார்க்க வந்திருந்த மங்கை, தோப்பின் மறுகோடியில் யூசுப்பின் மனைவியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அரியநாதன் அந்தப் பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு எழுந்து போனவளின் நடை நினைவுக்கு வந்தது. எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.